வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களும் வீட்டில் இருப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எனக்கு மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம். 2006-இல் துபாய்க்குப் போனேன், 2022-இல் விசாவை கேன்சல் பண்ணிவிட்டு ஊருக்கு வந்தேன். ஏசி டக்ட் போடுகிற கம்பெனியில் ஹெல்ப்பராகச் சேர்ந்து ஸ்டோர் கீப்பராக வெளியே வந்தேன். இப்போது ஒத்தக்கடையில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை. ஆணி, பைப்பு வாங்க வருகிறவர்களோடு, பிளாஸ்டிக் கவரில் பாஸ்போர்ட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று வருகிறவர்களும் உண்டு. அவர்களைப் பெற்றவர்கள் வருவார்கள், மனைவிமார் வருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதிலை எழுதி வைத்துவிட்டால் நாலு பேருக்கு உதவும் என்று எழுதுகிறேன். நான் சொல்வது அமீரகத்தை வைத்து. சவுதி, குவைத், சிங்கப்பூர் போகிறவர்கள் அந்தந்த ஊர்ச் சட்டத்தைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் நல்ல வேலை என்கிறார். நம்பிப் போகலாமா?

முதலில் அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர்கள் மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணை 'இ-மைகிரேட்' அரசுத் தளத்தில் போட்டால் உண்மையா, காலாவதி ஆகிவிட்டதா என்று தெரிந்துவிடும். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. அவ்வளவுதான் சட்டம். ஒன்றரை லட்சம், ரெண்டு லட்சம் என்று அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டுப் போகிற பையன்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். அந்த வட்டியை அடைக்கவே முதல் ஒன்றரை வருஷம் போய்விடும்.

"விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் போகாதீர்கள். விசிட்டில் வேலை பார்ப்பது அங்கே குற்றம். பிடிபட்டால் கம்பெனி உங்களை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடும். முறையான வேலை என்றால் ஆஃபர் லெட்டர் வரும். அமீரகத் தொழிலாளர் அமைச்சகம் அந்த ஆஃபர் லெட்டரைத் தமிழிலும் வைத்திருக்கிறது. இது நம் ஆட்கள் பலருக்குத் தெரிவதில்லை. "தமிழில் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று கேட்கலாம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கடைசியில் கணக்கு முடிக்கும்போது வருகிற பணம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான்.

பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கிறது. அப்படியென்றால் என்ன?

பத்தாவது தேறாதவர்களுக்குப் பொதுவாக அப்படி வரும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்கள் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அதைத் தொல்லை என்று நினைத்து விசிட்டில் நழுவப் பார்க்கிறார்கள். அந்த அனுமதிதான் உங்களுக்குக் காவல். உங்கள் கம்பெனி, சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் அரசாங்கத்திடம் பதிவாகிவிடும். கூடவே 'பிரவாசி பாரதீய பீமா யோஜனா' காப்பீடும் எடுப்பீர்கள். ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் கிடைக்கும். அந்தக் காகிதத்தைப் பெட்டிக்குள் போட்டு எடுத்துப் போய்விடாதீர்கள். ஒரு நகல் வீட்டு பீரோவில் இருக்கட்டும்.

சாப்பாட்டுச் சாமான் என்னென்ன எடுத்துப் போகலாம்?

இதை நிதானமாகப் படியுங்கள். கசகசா எடுத்துப் போகக் கூடாது. அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. சிங்கப்பூரிலும் விட மாட்டார்கள். நம் வீட்டில் கசகசா இல்லாமல் குருமா ஏது, சால்னா ஏது? அதனால் ஆபத்து பொட்டலத்தில் மட்டும் இல்லை, அரைத்த பொடிக்குள்ளும் இருக்கிறது. நான் முதல் முறை கிளம்பியபோது அம்மா கறிமசாலா வறுத்து, அம்மியில் நுணுக்கி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார். கிளம்புகிற அன்றைக்கு எங்கள் ஊர் மாமா ஒருவர், சவுதியில் இருந்தவர், பெட்டியைத் திறந்து பார்த்து, "அக்கா, இதில் கசகசா போட்டியா?" என்று கேட்டார். அம்மா, "ஒரு கை போட்டேன் தம்பி, வாசத்துக்கு" என்றார். மாமா பாட்டிலை வெளியே எடுத்து வைத்துவிட்டார். அம்மாவுக்கு முகமே இல்லை. மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்து, மல்லி, வத்தல், சோம்பு, பட்டை மட்டும் வறுத்துப் பொடித்துக் கொடுத்தார். சூடு ஆறக்கூட நேரமில்லை. பாட்டில் மூடியின் உள்பக்கம் வேர்த்திருந்தது.

கடையில் வாங்குகிற மசாலா பாக்கெட் என்றால் பின்பக்கம் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஊறுகாய், பருப்புப் பொடி, வத்தல், சுக்குக் காப்பிப் பொடி, கருவாடு (நன்றாகக் கட்டி) பரவாயில்லை. இட்லிப் பொடி கட்டாயம். பிறர் கொடுத்தனுப்புகிற பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். பெரியப்பா மகன் கொடுத்தாலும் சரி.

மாத்திரையும் அப்படித்தான். சில வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் டானிக் அங்கே தடை அல்லது முன் அனுமதி வாங்க வேண்டியவை. சுகர், பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு ஆங்கிலத்தில், உங்கள் பெயரில், கையோடு இருக்கட்டும்.

முதல் மாதம் எப்படி இருக்கும்?

கஷ்டமாக இருக்கும். மறைக்க மாட்டேன்.

போன அன்று ராத்திரி கேம்பில் ஒரு கட்டிலைக் காட்டுவார்கள். புதிதாக வந்தவனுக்கு மேல்கட்டில். எனக்குக் கிடைத்தது ஏசிக்கு நேர் எதிரே. ராத்திரி முழுக்கக் குளிர், மத்தியானம் முழுக்க வெயில். விடியக்காலம் மூணரைக்கு எழுந்தால்தான் பாத்ரூம் கிடைக்கும். ஐந்து மணி பஸ்ஸுக்குச் சோற்றைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். முதல் வாரம் நான் சோறு வைத்துக் குழைத்துவிட்டேன். எட்டு பேர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். தேனிக்காரர் ஒருவர் மட்டும், "தம்பி, இந்த அரிசிக்குத் தண்ணி ஒரு டம்ளர் கம்மி" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அந்த அறை எனக்கு வீடானது. சமையல் தெரியாமல் யாரும் போகாதீர்கள். சோறு, ஒரு குழம்பு, ஒரு ரசம் போதும். வீட்டிலேயே ரெண்டு மாதம் பழகிக்கொண்டு போங்கள்.

முதல் சம்பளம் கைக்கு வர நாற்பது, ஐம்பது நாள் ஆகலாம். அதுவரைக்கும் சாப்பாட்டுக்கும் போனுக்கும் கொஞ்சம் திர்ஹம் மாற்றி எடுத்துப் போங்கள்.

வெயிலைப் பற்றி மதுரைக்காரர்கள் "நமக்குப் புதுசா என்ன" என்பார்கள். நானும் சொன்னேன். சித்திரை வெயிலில் ஒதுங்க வேப்பமர நிழல் உண்டு, மோர்ப்பந்தல் உண்டு. அங்கே 45 டிகிரிக்கு மேல், கடல் பக்கத்து ஈரக்காற்றோடு, கட்டடத்தின் மொட்டைத் தளத்தில் நிற்க வேண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மத்தியானம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். அந்த நேரத்தில் படுத்து ஓய்வெடுங்கள், போன் பார்க்காதீர்கள். கடையில் 'லபான்' என்று மோர் கிடைக்கும். உப்புப் போட்டுக் குடியுங்கள். ஒன்றுக்குப் போவது மஞ்சளாகக் கடுத்துப் போனால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். ஃபோர்மேனிடம் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

வீட்டுக்கு தினமும் போன் பண்ணலாமா? எதைச் சொல்வது, எதை மறைப்பது?

தினமும் பேசுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் அனுப்பலாம், ஆனால் அழைப்பு போகாது. 'போட்டிம்' போல அனுமதி உள்ள செயலியில்தான் பேச முடியும். கிளம்புவதற்கு முன்பே அம்மாவின் போனில் அதைப் போட்டுப் பழக்கிவிடுங்கள்.

எதை மறைப்பது என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். நான் மறைத்துப் பார்த்தவன். 2011-இல் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்து இடது மணிக்கட்டில் எலும்பு விட்டுவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வேலை ஜாஸ்திம்மா, அதான் பேச நேரமில்லை" என்று சமாளித்தேன். அடுத்த வருஷம் லீவில் வந்தபோது அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். கையைத் தேய்த்துக்கொண்டே வந்தவர் மணிக்கட்டில் நின்றுவிட்டார். எலும்பு கொஞ்சம் மேடாகச் சேர்ந்திருந்தது. பெருவிரலால் அதையே ரெண்டு மூன்று தரம் தடவினார். "எப்ப?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் விளக்கேற்றத் தீப்பெட்டி தேடினேன். சாமி மாடத்தில் திருநீற்றுத் தட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. கண் ஆபரேஷன் செய்தால் கொடுப்பார்களே, அது. அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை எடுத்திருக்கிறார்கள். நான் மாவுக்கட்டோடு படுத்திருந்த அதே மாதம், அவர் அரவிந்த் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். "நீ அங்க கிடந்து கவலைப்படுவேன்னுதான்" என்றார். நான் எதற்கு மறைத்தேனோ அதற்கேதான் அவரும் மறைத்திருக்கிறார்.

அந்த லீவில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, ரெண்டு பக்கமும் உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். உடம்புக்கு என்ன, பணத்துக்கு என்ன. மற்ற நாளில் என்ன குழம்பு, மழை பெய்ததா என்று பேசிக்கொள்ளலாம். இந்த ஏற்பாடு இல்லையென்றால் என் அப்பா விஷயத்தில் என் தம்பி என்னிடம் நேராகப் பேசியிருக்க மாட்டான். அதைக் கீழே சொல்கிறேன்.

கம்பெனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. பத்திரமாக இருக்கும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

விசா அடிக்க, புதுப்பிக்க வாங்குவார்கள். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வைத்துக்கொள்வது அங்கே சட்டப்படி தவறு. நான் இதைச் சட்டமாக மட்டும் சொல்லவில்லை.

2013-இல் ஒரு வியாழக்கிழமை ராத்திரி தம்பி போன் பண்ணினான். "அண்ணே, அப்பா போயிட்டாரு" என்றான். சுற்றி வளைக்கவில்லை. "சீரியஸ், கிளம்பி வா" என்று இழுக்கவில்லை. அன்றிலிருந்து இன்று வரை அதற்காக அவனுக்கு நன்றி சொல்கிறேன். என் பாஸ்போர்ட் கம்பெனி ஆபீஸ் லாக்கரில் இருந்தது. அப்போது அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. சாவி வைத்திருந்தவர் போனை எடுக்கவில்லை. அறையில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு டிக்கெட் பணத்தை என் சட்டைப்பையில் திணித்துவிட்டார்கள். பணம் இருக்கிறது, விமானம் இருக்கிறது, பாஸ்போர்ட் இல்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அந்த ஆபீஸ் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம்தான் லாக்கர் திறந்தது.

ஊரில் வெள்ளிக்கிழமை பொழுது சாய எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் ஐஸ் பெட்டியில் வைத்திருக்க அம்மா சம்மதிக்கவில்லை. பால் தெளிப்பை மட்டும் எனக்காக ஞாயிறு வரை தள்ளி வைத்திருந்தார்கள். திருச்சியில் இறங்கி, டாக்சியில் நாலுவழிச் சாலையில் வந்தேன். எப்போதும் மேலூர் வந்தால் யானைமலையைத் தேடிக் கண் தென்மேற்கே போகும். அந்தப் பக்கம் பார்த்தால்தான் ஊர் வந்த மாதிரி. அன்று நான் நிமிரவே இல்லை. நேரே சுடுகாட்டுக்குப் போய்விட்டேன்.

அதனால் சொல்கிறேன். விசா வேலை முடிந்ததும் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லையென்றால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் சொல்லலாம், இந்தியத் தூதரகத்திலும் சொல்லலாம். ஒரு டிக்கெட்டுக்கான பணம் எந்த நாளும் கையில் இருக்கட்டும். அதை வேறெதற்கும் தொடாதீர்கள்.

அங்கேயே யாராவது இறந்துவிட்டால்?

வீட்டார் கேட்கத் தயங்கும் கேள்வி இது. ஆனாலும் கேட்கிறார்கள். உடலை ஊருக்கு அனுப்ப ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம் என்று வரிசையாகக் காகிதம் வேண்டும். பொதுவாகக் கம்பெனிதான் செய்ய வேண்டும். வழியில்லாதவர்களுக்கு இந்தியத் தூதரகத்தில் சமூக நல நிதி உண்டு. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்குத் தனித் துறையே இருக்கிறது, கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தாலும் அங்கே அனுப்பி வைப்பார்கள். போகிறவரின் விசா நகல், கம்பெனி முகவரி, கூட இருக்கிற ரெண்டு பேரின் போன் நம்பர், இந்த மூன்றும் வீட்டில் எழுதி வைத்திருந்தாலே பாதி அலைச்சல் குறையும்.

சம்பளப் பணத்தை யார் பெயரில் அனுப்புவது?

உங்கள் பெயரில். வெளிநாடு போனதும் வங்கியில், வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்குங்கள். அங்கே சம்பாதித்து அனுப்புகிற பணம் அதில் விழட்டும். அதன் வட்டிக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. ஏற்கெனவே ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊர்ப் பணத்துக்கு வைத்துக்கொள்வது) மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். பலர் அதைச் செய்வதே இல்லை. வாரிசாக மனைவி பெயரோ அம்மா பெயரோ போட்டுவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் மனைவியின் கணக்குக்குத் தனியாக ஒரு தொகை போகட்டும். மொத்தத்தையும் அண்ணன் கணக்குக்கு அனுப்பி, அண்ணன் வழியாக மனைவிக்குக் கொடுப்பது என்று வைக்காதீர்கள். அண்ணன் நல்லவராகவே இருக்கட்டும். நூறு ரூபாய்க்கும் அந்தப் பெண் கை நீட்டி நிற்க வேண்டும், அவருக்கும் கணக்குச் சொல்கிற சங்கடம். கடைசியில் பங்காளிகளுக்குள் பேச்சு வார்த்தை நின்றுவிடும்.

ஊரில் வயல் வாங்கிப் போடலாமா?

வெளிநாட்டில் இருக்கும்போது விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கவில்லை. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம். வீட்டு மனை, வீடு, கடை வாங்கலாம். இது தெரியாமல் வயலை மச்சான் பெயரில் வாங்கி, பிறகு மச்சானோடு பேச முடியாமல் நிற்பவர்கள் மேலூர் வட்டாரத்திலேயே உண்டு. மனை வாங்கினாலும் வில்லங்கம் போட்டுப் பாருங்கள், லீவில் வந்து நிலத்தை மிதித்துப் பாருங்கள்.

வீட்டைப் போனிலேயே கட்டாதீர்கள். கூரை போடும்போது ஒரு லீவு, பூச்சு வேலைக்கு ஒரு லீவு என்று வைத்துக்கொண்டால் கொத்தனாருக்கும் உங்களுக்கும் மனக்கசப்பு வராது. அப்புறம், நீங்கள் வருஷத்தில் ஒரு மாதம் தங்கப் போகிற வீட்டுக்கு மூன்று மாடி எதற்கு? அதில் பாதிப் பணத்தைத் திரும்பி வரும்போது தொடங்கப் போகிற தொழிலுக்கு வையுங்கள்.

அண்ணே, என் வீட்டுக்காரர் சவுதியில் இருக்கிறார். நான் மாமியார் வீட்டில். எனக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை. என்ன செய்வது?

இதற்கு என் மனைவியைக் கேட்டு எழுதுகிறேன். அவள் பதினோரு வருஷம் இப்படி இருந்தவள். "புருஷன் ஊரில் இல்லாத வீட்டில் பொண்டாட்டியை விருந்தாளி மாதிரியும் வைப்பாங்க, வேலைக்காரி மாதிரியும் வைப்பாங்க. ரெண்டுக்கும் நடுவுல நமக்குன்னு ஒரு வேலை வேணும்" என்றாள். கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ், வங்கி, ஆஸ்பத்திரி என்று வெளிவேலைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக்கொண்டாள். வண்டி ஓட்டப் பழகினாள். முதலில் என் அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு ராத்திரி அவருக்கு மூச்சுத் திணறி, இவள்தான் பின்னால் என் தம்பியை உட்கார வைத்து, நடுவில் அவரைச் சாய்த்து, மேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். அதற்குப் பிறகு அவரே வண்டியைத் துடைத்து வைப்பார்.

கணவர்மார்களுக்கு ஒன்று. போனில் அம்மா சொன்ன குறையை மனைவியிடமும், மனைவி சொன்னதை அம்மாவிடமும் கடத்தாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பண்ண முடியாது.

பிள்ளைகள் மறந்துவிடுமா?

மறக்காது. ஆனால் வேறு மாதிரி பழகிவிடும். என் மகளுக்கு நாலு வயது ஆனபோது லீவில் வந்தேன். அவள் வரைந்த மயில் படத்தைக் காட்ட நோட்டை எடுத்து வந்தாள். என் மூக்கை இடிக்கிற மாதிரி முகத்துக்கு நேரே நீட்டி, "தெரியுதாப்பா? தெரியுதா?" என்று சத்தமாகக் கேட்டாள். போன் கேமராவுக்குக் காட்டிப் பழகியவள். நோட்டை வாங்கி மடியில் வைத்து, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். நோட்டை இறக்கி வைத்துப் பார்க்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. லீவில் முதல் வாரம் சொந்தக்காரர் வீடு, கோயில், கல்யாணம் என்று சுற்றாதீர்கள். பிள்ளையோடு சும்மா இருங்கள்.

குடும்பத்தை அங்கே கூட்டிப் போகலாமா?

அமீரகத்தில் குடும்ப விசாவுக்கு மாதம் 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும் என்று சொல்வார்கள். விசா கிடைப்பது வேறு, வாழ்வது வேறு. வாடகையும் பள்ளிக் கட்டணமும் அந்தச் சம்பளத்தில் அடங்காது. முடிந்தால் மார்கழி, தை மாதத்தில் ஒரு மாத விசிட்டில் கூட்டிப் போய்க் காட்டுங்கள். அப்போது அங்கே வெயில் இருக்காது.

நல்ல நாள் பெரிய நாள் அங்கே எப்படி?

தீபாவளிக்கு லீவு கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. பொங்கலன்று எல்லோரும் டூட்டியில் இருப்போம். இடைவேளையில் போனைத் திறந்து அவனியாபுரம் ஜல்லிக்கட்டு, மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர்.

சித்திரைத் திருவிழா வேறு மாதிரி. அழகர் ஆற்றில் இறங்குகிற நேரம் நம் ஊரில் காலை ஆறு மணி என்றால் அங்கே நாலரை. பஸ் ஐந்து மணிக்கு. எங்கள் அறையில் மதுரைப் பக்கத்து ஆட்கள் ஆறு பேர். நாலு மணிக்கே குளித்துவிட்டு, ஒரு போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு நிற்போம். என்ன பட்டு உடுத்தி வருகிறார் என்றுதான் முதல் பார்வை. பச்சைப் பட்டு என்றால் அந்த வருஷம் செழிப்பு என்பார்கள். ஊரில் சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாழையிலை கட்டி, மேலே சூடம் ஏற்றிக் காட்டுவோம் அல்லவா? அங்கே சூடம் ஏற்றினால் கூரையில் புகை அலாரம் அடிக்கும். எவர்சில்வர் டம்ளரில் சர்க்கரை போட்டு, ஏற்றாத சூடத்தை அதன்மேல் வைத்து, போனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பார் உசிலம்பட்டி அண்ணன். கூட்டத்தின் சத்தம் போனில் கரகரவென்று வரும். இறங்கியதும் ஆளுக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவோம். பக்கத்து அறை கேரளாக்காரர்களும் பீகார்ப் பையன்களும் கை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். பதினாறு வருஷத்தில் நான் அங்கே சந்தோஷமாக இருந்த நாட்களை எண்ணச் சொன்னால் இதிலிருந்துதான் தொடங்குவேன்.

லீவுக்கு வரும்போது எல்லோரும் எதிர்பார்க்கிறார்களே?

எதிர்பார்ப்பார்கள். தைலம், சோப்பு, பேரீச்சை, பால் பவுடர், பிள்ளைகளுக்கு சாக்லேட். இவ்வளவு போதும். கடன் வாங்கி போன் வாங்கி வராதீர்கள். நகை கொண்டு வருவதென்றால், ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு ஆண் என்றால் 20 கிராம், பெண் என்றால் 40 கிராம் வரை வரியில்லாமல் விடும் விதி உண்டு. அதிலும் அவ்வப்போது மாற்றம் வரும், கிளம்பும் முன் சுங்கத் துறை தளத்தில் பார்த்துவிடுங்கள். ரசீது கையில் இருக்கட்டும்.

எப்போது திரும்பி வருவது?

போகும்போதே ஒரு வருஷத்தைச் சொல்லி வையுங்கள். நான் "ஐந்து வருஷம்" என்று சொல்லிப் போனேன். தங்கச்சி கல்யாணம், வீடு, மகள் படிப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அதில் எதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தரமும் தள்ளிப் போடும்போது வீட்டில் உட்கார்ந்து பேசித் தள்ளுங்கள், தானாகத் தள்ளிப் போக விடாதீர்கள்.

கணக்கு முடிக்கும்போது பணிக்கொடை உண்டு. ஒரு வருஷம் முடித்திருந்தால் முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள். மிச்ச லீவுப் பணமும் சேரும். கையில் வாங்காமல் எல்லாம் முடிந்தது என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஊருக்கு வந்ததும் வங்கியில் சொல்லி என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

திரும்பி வந்த முதல் ஆறு மாதம் பார்க்கிறவர்களெல்லாம் "எப்ப கிளம்புறீங்க?" என்று கேட்பார்கள். டீக்கடையில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள். "இனிமே இங்கதான்" என்றால் முகத்தைப் பார்ப்பார்கள். மூணரை மணிக்கு முழிப்பு வந்துவிடும், வாசலில் உட்கார்ந்திருப்பேன். அம்மாவும் எழுந்து வந்து எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கடை திறந்த பிறகுதான் அந்த முழிப்பு ஐந்து மணிக்கு மாறியது.

வழியனுப்ப ஏர்போர்ட்டுக்கு யார் யார் வரலாம்?

பெருங்குடி ஏர்போர்ட் என்றால் வேன் பிடித்து இருபது பேர் வருகிறார்கள். வேண்டாம், செலவு. ஆனால் அம்மா வருகிறேன் என்றால் கூட்டிப் போங்கள். "வயசான காலத்தில் எதற்கு" என்று நான் முதல் முறை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அந்தக் கறிமசாலாப் பாட்டிலைக் கையில் கொடுத்து வாசலில் நின்றவர், வேன் திரும்பிய பிறகும் ரோட்டுக்கு வந்து நின்றதாகத் தம்பி பிறகு சொன்னான். அடுத்த முறையிலிருந்து முன் சீட்டு அவருக்குத்தான். இறங்கியதும் முதல் போன் அவருக்குப் போகட்டும். அங்கே மணி பத்து என்றால் இங்கே பதினொன்றரை. படுத்திருக்க மாட்டார்.